யாரும் தொடக்கூடாத தலை

மட்டாஞ்சேரி
12-2-1958

சிரஞ்சீவி ராமபத்ரனுக்கு அக்கா கனகாம்பாள் எழுதுவது.

அடுத்த வார்த்தை ஆசீர்வாதம் என்று வரவேண்டும். பழக்கத்தில் கை எழுதிவிடப் போகிறது என்று பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. பாங்காக்கில் ஒரு சயாம்காரியைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டாய், மூன்று மாதம் ஆயிற்று, மே மாதம் லீவில் அழைத்துவந்து அப்பாவுக்கு நமஸ்காரம் பண்ணவைக்கப் போகிறாய். மொத்தம் நாலு வரி. ஆபீசில் துரைமார் சொல்லச் சொல்ல நாள் முழுவதும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிற ஸ்டெனோவுக்கு, கூடப்பிறந்தவளுக்கு எழுத நாலு வரிதான் மிச்சம் இருந்ததாக்கும்.

அம்மா போனபோது உனக்கு ஒன்பது வயது. அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் உன் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தவள் நான். கல்யாணமாகி இந்த மட்டாஞ்சேரிக்கு வந்தபோது உன்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். உன் அத்திம்பேர் மிளகுக் கிடங்கிலிருந்து தும்மிக்கொண்டே வந்து உனக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் எதற்கு? நீ கடல் தாண்டிப்போய் ஒரு மீன் தின்கிறவளைத் தேடிப் பிடிப்பதற்கு.

பேர் சுமாலியாம். ராவணனுடைய தாத்தா பேர் சுமாலி. உனக்குத் தெரியாது, நீ ராமாயணம் கேட்க உட்கார்ந்ததில்லை. ராமபத்ரன் என்று பேர் வைத்துக்கொண்டு ராட்சசக் குடும்பத்தில் சம்பந்தம் செய்திருக்கிறாய். பேஷ்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வரட்டும். அவன் மூஞ்சிய ஒரு தடவை பாக்கணும்"னு சொன்னார். ஆகவே வாசற்கதவு திறந்திருக்கும். அது அப்பாவுக்காக.

ஆனால் ஒன்று. நம் வீட்டுக்குள் வரும் நாட்டுப்பெண்ணுக்கு முதல் வெள்ளிக்கிழமை உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, ஸ்நானம் செய்யவைத்து, தலையில் பூ வைத்தால்தான் அவள் இந்தக் குடும்பத்தவள். மாமியார் செய்யவேண்டியது. மாமியார் இல்லாத வீட்டில் நாத்தனார் செய்யவேண்டியது. அதைச் செய் என்று நீ கேட்கவும் இல்லை, நான் செய்கிறேன் என்று சொல்லவும் இல்லை. தெரிந்துகொள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியலக்ஷ்மி இப்போதே கேட்டாயிற்று: "மாமி, தம்பி சீனத்துப் பெண்ணைக் கொண்டுவரானாமே, சரியோ?" சீனம் இல்லையடி, சயாம் என்று திருத்திச் சொல்லும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அந்த மகாராணியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விவரமாக எழுது. நிற்பது, உட்காருவது, பேசுவது எல்லாம். பிறகு அக்காவுக்கு நாகரிகம் தெரியவில்லை என்று அங்கே போய் அழாதே.

கனகாம்பாள்

*

பாங்காக்
3-3-1958

அக்காவுக்கு ராமபத்ரன் நமஸ்காரம். என் கை தாராளமாக எழுதுகிறது, பார்.

நீ கேட்டதைக் கேலியாகக் கேட்டாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். நாட்டின் பெயர் தாய்லாந்து என்று மாறிப் பல வருஷம் ஆயிற்று. மட்டாஞ்சேரிக்கு இன்னும் தகவல் வரவில்லை போலிருக்கிறது.

இங்கே பாதம் தாழ்ந்தது. காலை நீட்டி, பாதம் இன்னொருவர் பக்கம் தெரிய உட்காரக்கூடாது. காலால் எதையும் சுட்டக்கூடாது, தள்ளக்கூடாது. படுத்திருப்பவரைத் தாண்டக்கூடாது. செருப்பை வெளியில் விடவேண்டும். நிலைப்படியை மிதிக்கக்கூடாது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே போனால் குனிந்து போகவேண்டும். குரலை உயர்த்தக்கூடாது. கோபம் வந்தாலும் புன்னகை செய்வார்கள், அதைப் பார்த்து அசடு என்று நினைக்கக்கூடாது. இந்தக் கடைசி இரண்டும் உனக்குச் சிரமம் என்று எனக்குத் தெரியும்.

கூடுதலாக ஒன்று சொல்கிறேன், உன் அறிவுக்காக. பௌத்த பிக்ஷுவைப் பெண்கள் தொடக்கூடாது. எதையாவது கொடுப்பதானால் பிக்ஷு ஒரு துணியை விரிப்பார், அதில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார்கள். எவ்வளவு நயமான பண்பாடு!

எல்லாவற்றுக்கும் மேலே தலை. ஒருவருடைய உயிரின் சாரம் உச்சந்தலையில் குடியிருக்கிறது என்று இவர்கள் நம்புகிறார்கள். தலையைத் தொடுவது பெரிய அவமதிப்பு. யாரும் தொடக்கூடாது. யாரும் என்றால் யாரும். ஆகவே உன் வெள்ளிக்கிழமை எண்ணெயைப் பற்றி நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கேட்கவில்லை என்று எழுதினாயே, இனியும் கேட்கமாட்டேன்.

மே ஆறாம் தேதி வருகிறோம். பதினோரு நாள் இருப்போம். அப்பாவுக்கு நமஸ்காரம். அத்திம்பேரின் தும்மலுக்கும் நமஸ்காரம்.

ராமபத்ரன்

*

மட்டாஞ்சேரி
21-3-1958

ராமபத்ரா,

உன் சட்டப்புத்தகம் கிடைத்தது. வாசித்து எனக்கு ஒரே ஆச்சரியம்.

வாசலில் செருப்பைக் கழற்று, நிலைப்படியை மிதிக்காதே, படுத்திருப்பவனைத் தாண்டாதே, பெரியவர்கள் முன் காலை நீட்டாதே. இதையெல்லாம் பத்து வயதில் உனக்குத் தொடையில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தவள் யார்? அப்போது காதில் ஏறவில்லை. கடல் தாண்டிப்போய் வேறொருத்தி வாயால் கேட்டதும் பண்பாடாகிவிட்டது.

பிக்ஷு விஷயம் அதைவிட அழகு. நான் மடியாக இருக்கும்போது, யாரும் என்மேல் பட்டுவிடக்கூடாதென்று, சொம்பைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொள்வேன். அதற்கு நீ என்ன சிரிப்புச் சிரித்தாய்! காலேஜ் நண்பர்களைக் கூட்டிவந்து, "பாருங்கோடா, எங்க அக்கா, இருபதாம் நூற்றாண்டு"ன்னு காட்டினாய். அக்கா செய்தால் மூடப்பழக்கம், சயாம் சாமியார் செய்தால் நயம். உன் மூளையைப் பாங்காக்கில் துணி விரித்து அதில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாய் போல.

தலை விஷயம் மட்டும்தான் எனக்குப் புதிது. தலையைத் தொடாமல் ஒருத்தி எப்படிப் பேன் பார்த்துக்கொள்வாள், எப்படிப் பின்னிக்கொள்வாள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. மகாராணியின் கிரீடத்தைப் பற்றி எனக்கென்ன. யாரும் என்றால் யாரும் என்று அழுத்தி எழுதியிருக்கிறாய். சரி. உன் கடிதத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அட்சரம் பிசகாமல் நடப்பேன்.

வா.

கனகாம்பாள்

*

பாங்காக்
18-6-1958

அக்காவுக்கு,

நமஸ்காரம் எழுதவில்லை. கை வரவில்லை.

நாங்கள் வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. சுமாலி சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் புன்னகை செய்கிறாள். உனக்குத்தான் எழுதியிருந்தேனே, கோபத்திலும் சிரிப்பார்கள் என்று. துக்கத்திலும்தான்.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார். அவள் விடியற்காலையில் எழுந்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, முற்றத்துப் பலகையில் தானாக வந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தாள். எண்ணெய் காய்ந்து வாசனை கூடம்வரை வந்தது. நீ கிண்ணத்தைக் கொண்டுவந்தாய். அவள் முன்னால் தரையில் வைத்தாய். இரண்டடி பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அவளே அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டாள், அநாதைப் பெண் மாதிரி. வீட்டு வேலைக்கு வரும் ஒச்சம்மாளுக்குக்கூடப் பொறுக்கவில்லை. "ஏ அம்மா, புள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்குல்ல, வச்சு விடுங்க"ன்னா. நீ என்ன சொன்னாய்? "அவா தலையைத் தொடப்படாதாம். தம்பி எழுதியிருக்கான்." தெருவுக்கே கேட்கும்படி.

பூவையும் அப்படித்தான் இலையில் வைத்து நகர்த்தினாய். கிளம்பும் அன்று கூடத்தில் உன்னை நமஸ்கரித்துவிட்டு அவள் எழுந்திருக்காமலே இருந்தாள். மூன்றாவது தடவை. நீ சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாய்.

ரயிலில் ஜோலார்பேட்டை தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் அவ்வளவு அசுத்தமா?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்ன எதையாவது நீ கேட்டிருக்கிறாயா? இந்த ஒன்றை மட்டும் கேட்டாய். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

ராமபத்ரன்

*

மட்டாஞ்சேரி
4-7-1958

ராமபத்ரா,

உன் மார்ச் மாதக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. உன் கையெழுத்து, உன் மசி. "யாரும் தொடக்கூடாது. யாரும் என்றால் யாரும்." வேண்டுமானால் அத்திம்பேரை விட்டு டைப் அடித்து அனுப்பச் சொல்கிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

தொட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாய்? காட்டுமிராண்டி, படித்துப்படித்துச் சொன்னேன், என் மனைவியை அவமானப்படுத்தினாய் என்று எழுதியிருப்பாய். தொடவில்லை, அதனால் அவமானப்படுத்தினேன் என்று எழுதுகிறாய். எந்தப் பக்கம் விழுந்தாலும் அக்கா தலையில் விழவேண்டும். உனக்கு இது நல்ல வசதி.

ஆமாம், எனக்குத் தொட இஷ்டமில்லை. ஒளிக்கவில்லை. உன் கடிதம் வந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது. பதினோரு நாளும் என் விரல்கூட அவள் தலையில் படவில்லை. உன் சொல்லைக் காப்பாற்றினேன், என் ஆசாரத்தையும் காப்பாற்றினேன்.

ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. தலையைத் தொடக்கூடாதவள் ஏன் மூன்று தடவை வந்து என் கைக்குக் கீழே தலையை வைத்தாள்? முதல் தடவை அவர்கள் ஊர் வணக்கம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை எனக்கு எதுவும் நினைக்கத் தெரியவில்லை. நீ பக்கத்தில்தான் நின்றாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன வைத்திருந்தாய்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், நீ இதற்காகத் தலைகால் புரியாமல் ஆடாதே. அவள் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போகும்போதெல்லாம் குனிந்துதான் போனாள். "இந்தக் குழந்தை எதுக்கு இப்படிப் பயப்படறது?"ன்னு அப்பா கேட்டார். பயமில்லை, மரியாதை என்று நானே சொல்லவேண்டியதாயிற்று. என் பெண் காமாக்ஷி அதே நாற்காலிக்கு நேரே காலை நீட்டிக்கொண்டு வாரப்பத்திரிகை படிக்கிறாள். இப்போது அவளை நான் அதட்டினால், "மாமி ஊர்க்காரா மாதிரி இருக்கணுமாக்கும்"னு சொல்கிறாள். எல்லாம் உன்னால்.

என் கேள்விக்குப் பதில் உன்னிடம்தான் இருக்கிறது. தேடி எடு.

கனகாம்பாள்

*

பாங்காக்
29-7-1958

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தைச் சுமாலிக்குப் படித்துச் சொன்னேன். ஒரு வரி விடாமல். உன்னுடைய நெஞ்சழுத்தத்தை அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் படித்தேன். அது என் பக்கம் திரும்பும் என்று நினைக்கவில்லை.

அவள் கேட்டாள்: "நீங்கள் அக்காவுக்கு என்ன எழுதினீர்கள்?" அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அதுவரை சொல்லியிருக்கவில்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்கள் அக்கா வெளி மனுஷியா?"

இங்கே அந்நியர்கள்தான் தலையைத் தொடக்கூடாது, வயதில் சிறியவர்கள் தொடக்கூடாது. வீட்டுப் பெரியவர்கள் தொடலாம். தாயார் தடவிக்கொடுப்பாள். அக்கா தடவிக்கொடுப்பாள். அது ஆசீர்வாதம். எனக்கு இது தெரியும், அக்கா. தெரிந்தேதான் யாரும் என்றால் யாரும் என்று எழுதினேன்.

அவள் இங்கே மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டும் மூக்கம்மாளிடம் நம் வழக்கத்தையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நாத்தனார் எண்ணெய் வைப்பாள், பூ வைப்பாள், அதற்கு முன்னால் நீ குனிந்து உட்காரவேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறாள். புதியவர் கை தலையில் பட்டால் உடம்பு துணுக்குறுமே, உன் முன்னால் அப்படி ஆகிவிட்டால் நீ வருத்தப்படுவாயே என்று பயந்து, மூன்று வெள்ளிக்கிழமை மூக்கம்மாளைத் தன் தலையில் கை வைக்கச்சொல்லிப் பழகியிருக்கிறாள். எனக்கு இதெல்லாம் போன வாரம்தான் தெரியும்.

நான் ஏன் அப்படி எழுதினேன்? நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்புவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன், படகுக்காரர் மகன். மழையில் நனைந்திருந்தான். நீ பாவம் பார்த்து அவன் தலையைத் துவட்டிவிட்டாய். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் வாசல் தாண்டுவதற்குள் நீ கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டாய். அவன் திரும்பிப் பார்த்தான். மறுநாளிலிருந்து என்னோடு பேசவில்லை.

சுமாலி தலையில் எண்ணெய் வைத்துவிட்டு நீ குளிக்கப் போவாய். அவள் அதைப் பார்ப்பாள். அதைவிட நீ தொடாமலே இருப்பது மேல் என்று நினைத்தேன். உனக்கு ஒரு சாக்குக் கொடுத்தேன். நீ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். நான் கோழை, சரி. ஆனால் அக்கா, நீ குளித்திருக்கமாட்டாயா? உண்மையைச் சொல்.

நீ அவள் தலையைத் தொடவே இல்லையே என்று நான் சொன்னபோது அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ராமபத்ரன்

*

மட்டாஞ்சேரி
22-8-1958

சிரஞ்சீவி ராமபத்ரனுக்கும் சௌபாக்கியவதி சுமாலிக்கும் கனகாம்பாள் அநேக ஆசீர்வாதம்.

குளித்திருப்பேன். எண்ணெய் வைத்துவிட்டு, பூ வைத்துவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே கிணற்றடிக்குப் போயிருப்பேன். நீ சொன்னது சரி. அக்காவைத் தெரியும் என்று முதுகில் தட்டிக்கொள்.

அப்புவை எனக்கு நினைவிருக்கிறது. அவன் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இந்தப் பத்து நாளாக யோசிக்கிறேன். இன்னும் கொஞ்சம் பொறுத்துக் குளித்திருப்பேன், அவ்வளவுதான் தோன்றுகிறது. நான் அவ்வளவுதான்.

ஆனால் நீ என்னைவிட மோசம். எனக்குத் தெரியாது, அதனால் நான் செய்யவில்லை. நீ தெரிந்ததை மறைத்தாய், என்னிடமும் மறைத்தாய், அவளிடமும் மறைத்தாய். ஒரு தேசத்தின் வழக்கத்தை எடுத்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டாய். அந்தப் பெண் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு பதினோரு நாள் இருந்தது. தூ.

இப்போது நான் ஒன்று சொல்லவேண்டும். போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன்.

நீங்கள் கிளம்பிய அன்று படகுத்துறையில் நீ முன்னால் படகில் இறங்கி டிரங்குப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். எர்ணாகுளம் ஆபீஸ் கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. அவள் இறங்கினாள். படகின் கூரை தாழ்வு, உனக்குத் தெரியும். நம்மூர்க்காரர்கள் பழக்கத்தில் குனிந்துவிடுவோம். பதினோரு நாள் குனிந்துகொண்டே இருந்தவள் அப்போது பார்த்துக் குனியவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். கூரைச் சட்டத்தில் மண்டை இடிக்கப் போயிற்று. நான் நினைக்கவில்லை. என் கை போய்விட்டது. அவள் உச்சந்தலை என் உள்ளங்கையில் வந்து இடித்தது. கையை உடனே எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகுக்காரன், "மாமி, கேறுன்னுண்டோ இல்லையோ?"ன்னு, ஏறப்போகிறேனா இல்லையா என்று கத்தின பிறகு எடுத்தேன்.

வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூட்டினேன். அப்பாவுக்கு இலை போட்டுப் பரிமாறினேன். பூஜை உள்ளறையைத் துடைத்தேன். சாயங்காலம் விளக்குக்குத் திரி திரிக்கும்போது புறங்கை எரிந்தது. சட்டத்திலிருந்த ஆணி நீளமாகக் கீறியிருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, நான் குளிக்கவில்லை.

மறந்துபோயிருந்தேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள் நான் மறந்ததில்லை. அதற்கு மேல் குளிப்பதும் அசட்டுத்தனம் என்று விளக்கை ஏற்றிவிட்டேன். உன்னிடம் எப்படி எழுதுவது? உன் சட்டத்தை மீறினேன் என்று எழுதவா, என் ஆசாரத்தை விட்டேன் என்று எழுதவா? அதனால் விரல்கூடப் படவில்லை என்று எழுதினேன்.

அவளிடம் கேட்டுப்பார். உன்னிடம் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள் என்றாயே, அது இதுதான். அக்காவின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்தப் புத்தி உனக்கு வரப்போவதில்லை.

அடுத்த வருஷம் மே மாதம் அவளை அழைத்துக்கொண்டு வா. எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீ ஒரு எழுத்தும் எழுதக்கூடாது, கேட்கவேண்டியதை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன். அப்பா தினமும், "அந்தக் குனியற குழந்தை எப்ப வரும்?"னு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எண்ணெய் வைத்த பிறகு நான் குளிப்பேனா மாட்டேனா என்று மறுபடி எழுதிக் கேட்காதே. எனக்கு இப்போது தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வந்து சேரும்படி டிக்கெட் எடு.

கனகாம்பாள்